வாட்டர் தெருவிலிருந்து வடக்கே

நியூயார்க் நகரத்தின் தென்கோடியில் வாட்டர் தெரு என்று ஒன்று இருக்கிறது. ஒரு காலத்தில் ஆற்றங்கரையை ஒட்டிப் போன தெரு. கரையைத் தூர்த்துத் தூர்த்து ஊர் தண்ணீருக்குள் நகர்ந்துவிட்டதால் இன்று உள்ளே தள்ளிக் கிடக்கிறது. புரூக்ளின் பாலத்தை நெருங்கும்போது கொஞ்ச தூரத்துக்குக் கல் பாவிய பாதையும் பழைய செங்கல் கட்டடங்களும் வரும். வெளியூர்க்காரர்கள் பாலத்தைப் படம் எடுத்துக்கொண்டு அங்கேயே திரும்பிவிடுவார்கள். பாலத்துக்கு அந்தப் பக்கம் அரசுக் குடியிருப்பின் அடுக்குமாடிகள், துணி துவைக்கும் கடை, பள்ளிக்கூட மைதானம். நான் பார்க்க வந்த 316ஆம் எண் வீடு எப்போதோ இடிந்து போயிற்று. அது தெரிந்தேதான் வந்திருந்தேன்.

கூட வந்தவன் என் சித்தி மகன். ஜெர்சி சிட்டியில் கம்ப்யூட்டர் வேலை, ஞாயிறு தவறாமல் சபை, மாதம் ஒரு சனிக்கிழமை சபைக்காரர்களோடு வீடற்றோர் விடுதியில் சோறு பரிமாறும் வேலை. பாளையங்கோட்டையில் ஒரே தெருவில் வளர்ந்தவர்கள் நாங்கள். அவன் விசுவாசத்தைப் பிடித்துக்கொண்டான். நான் பாட்டுகளை மட்டும் வைத்துக்கொண்டேன்.

“இல்லாத வீட்டுக்கு இவ்வளவு தூரமா அண்ணே?” என்றான்.

அந்த வீட்டில் 1872இல் ஜெர்ரி மெக்காலே என்பவர் மனைவி மரியாவோடு சேர்ந்து ஒரு மிஷன் தொடங்கினார். ஊழியக்காரர் குடும்பமில்லை, இறையியல் படித்தவருமில்லை. அயர்லாந்திலிருந்து பையனாக வந்து, இதே கரையில் ராத்திரி படகோட்டிப் போய் நங்கூரம் போட்ட கப்பல்களில் திருடியவர். வழிப்பறி வழக்கில் பதினைந்து வருஷத் தண்டனை பெற்று சிங் சிங் சிறைக்குப் போனார். அங்கே ஒரு நாள் பிரசங்கத்துக்கு வந்தவர் ஆர்வில் கார்ட்னர், பழைய குத்துச்சண்டைக்காரர். தன்னைப் போன்ற ஒரு முரடன் அழுதுகொண்டே பேசுகிறானே என்று மெக்காலேவுக்கு ஆச்சரியம். அவர் சொன்ன வசனம் நிஜமாகவே இருக்கிறதா என்று பார்க்கத்தான் அறையிலிருந்த பைபிளை முதலில் திறந்தார். 1864இல் மன்னிப்புக் கிடைத்து வெளியே வந்தார்.

நம்மூர்க் கன்வென்ஷன் பந்தலில் இந்தச் சாட்சியைச் சொன்னால் இந்த இடத்தில் நிறுத்திப் பாட்டுக்குப் போய்விடுவார்கள். மெக்காலேயின் வாழ்க்கை நிற்கவில்லை. வெளியே வந்தவரைச் சேர்த்துக்கொள்ள ஆளில்லை. போக இடம் தெரியாமல் இதே வாட்டர் தெருவுக்கே வந்தார். திரும்பவும் குடி, திரும்பவும் ஆற்றுத் திருட்டு. சில வருஷம் கழித்து ஒரு மிஷனரி கண்டுபிடித்துத் தூக்கி நிறுத்தினார். அதற்குப் பிறகும் வழுக்கினார், எழுந்தார், வழுக்கினார். சிறையிலிருந்து வருகிறவன் முதல் ராத்திரி எங்கே படுப்பான் என்ற கேள்வி அவருக்குப் பிரசங்கத்தில் கிடைத்ததல்ல, தெருவில் கிடைத்தது. மிஷன் தொடங்கியபோது அதைத்தான் முதலில் கவனித்தார். உள்ளே வருகிறவனுக்குச் சாப்பாடு, படுக்க இடம், மாலையில் ஒரு கூட்டம். கூட்டத்தில் பேசுகிறவர்கள் குடித்துத் தெளிந்தவர்களும் திருட்டை விட்டவர்களும்தான். யாரையும் நீட்டி முழக்க விடமாட்டாராம். அந்த ஒரு விதியை நம்மூருக்கு இறக்குமதி செய்திருக்கலாம்.

அமெரிக்க நகரங்களில் பின்னால் முளைத்த மீட்பு மிஷன்கள் பலவும் வாட்டர் தெருவை முன்மாதிரியாகக் கொண்டவை. மெக்காலே 1884இல் காசநோயில் இறந்தார். அவர் தொடங்கிய ஸ்தாபனம் இடம் மாறி மாறி லாஃபயட் தெரு 90ஆம் எண்ணுக்கு வந்து சேர்ந்தது. அதற்குத்தான் அடுத்து நடந்தோம்.

வழியில் கோர்ட்டுகள். அகலமான படிக்கட்டு, உருண்டு திரண்ட தூண்கள், படிகளில் உட்கார்ந்து சாண்ட்விச் தின்னும் வக்கீல்கள். வீடற்றோர் சரித்திரத்தில் இந்தக் கோர்ட்டுகளுக்கும் ஒரு பங்கு உண்டு. 1979இல் ராபர்ட் ஹேஸ் என்ற இளம் வக்கீல் நகரத்தின் மேலும் மாநிலத்தின் மேலும் வழக்குப் போட்டார். வாதியாக அவர் கொண்டுவந்த ராபர்ட் கேலஹன், ஓட்டல்களில் சமையல் வேலை பார்த்து, கடைசியில் போவரி தெருவில் படுத்துக் கிடந்தவர். இல்லாதவர்களைப் பராமரிப்பது அரசின் பொறுப்பு என்று நியூயார்க் மாநில அரசியல் சட்டத்தில் 1938இல் சேர்த்த ஒரு பிரிவு இருக்கிறது. அந்தப் பிரிவை வைத்தே வாதாடினார். 1981இல் உடன்படிக்கை கையெழுத்தானது: வீடில்லாத ஆண் கேட்டால் நகரம் படுக்கை கொடுத்தாக வேண்டும். பெண்களுக்கு அந்த உரிமை இன்னொரு வழக்கில் கிடைத்தது. கேலஹன் கையெழுத்தைப் பார்க்கவில்லை. அதற்கு முன்பே தெருவில் செத்துப் போனார்.

அந்த உடன்படிக்கையில் எனக்குப் பிடித்தது அதன் கறார். கட்டில் குறைந்தது 30 அங்குல அகலம் இருக்க வேண்டும். இரண்டு சுத்தமான விரிப்பு, ஒரு போர்வை, உறை போட்ட தலையணை, துண்டு, சோப்பு, பூட்டு போட்டு வைக்க ஒரு பெட்டி. கருணை, அன்பு என்று பேச ஆரம்பித்தால் ஆளுக்கு ஆள் அளவு மாறும். அங்குலக் கணக்கு மாறாது. எந்தச் சபையும் தன் விடுதிக்கு இப்படி ஒரு பட்டியல் எழுதி, இது குறைந்தால் எங்களைக் கோர்ட்டுக்கு இழுக்கலாம் என்று சொன்னதாக நான் கேள்விப்பட்டதில்லை.

தம்பிக்கு இது ரசிக்கவில்லை. “கட்டில் குடுத்துட்டா போதுமா? அந்த பெரிய ஷெல்டர்ல படுக்கப் பயந்துகிட்டு சப்வேல தூங்குறவன் எத்தனை பேர் தெரியுமா உங்களுக்கு?” என்றான். அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. நூற்றுக்கணக்கான கட்டில் போட்ட மண்டபத்தில் செருப்பைக் கழற்றித் தலைக்கடியில் வைத்துக்கொண்டுதான் படுக்க வேண்டும் என்பார்கள்.

லாஃபயட் தெருக் கட்டடம் கிரிமினல் கோர்ட்டுக்கு ஓர் எட்டில்தான் இருக்கிறது. ஜாமீனில் வெளியே வருகிறவன் தெருவைத் தாண்டினால் போதும். மெக்காலே பார்த்திருந்தால் இடத்தேர்வைப் பாராட்டியிருப்பார். 2017இல் இந்த மிஷன் போவரி மிஷனோடு இணைந்துவிட்டது. உள்ளே போக நேரமில்லை. சைனா டவுனின் மீன்கடை ஈரத்தில் வழுக்காமல் நடந்து போவரி தெருவில் ஏறினோம்.

போவரி என்ற பேரே ஒரு காலத்தில் வசவாக இருந்தது. தலைக்கு மேல் ரயில், அதன் நிழலில் சாராயக்கடை, சாராயக்கடைக்கு மேல் தங்கும் விடுதி. விடுதி என்றால் நாலடிக்கு ஆறடிப் பலகைத் தடுப்புகள். மேலே கூரை கிடையாது, பக்கத்து ஆள் எட்டி எடுத்துவிடாமலிருக்கக் கோழிக்கூட்டு வலை. 1949 வாக்கில் இந்த ஒரே தெருவில் சுமார் 14,000 பேர் இப்படி வாழ்ந்தார்கள். 1955இல் ரயில் நின்றது. பிறகு விடுதிகள் ஒவ்வொன்றாக மூடின. இன்று ஓட்டல்களுக்குப் பாத்திரம் விற்கும் கடைகளும், சரவிளக்குக் கடைகளும், ஒரு ராத்திரிக்கு நம் ஒரு மாதச் சம்பளம் கேட்கும் ஓட்டலும் இருக்கின்றன. வெள்ளைப் பெட்டிகளைக் கோணல்மாணலாக அடுக்கி வைத்ததுபோல் நியூ மியூசியம் நிற்கிறது. அதன் பக்கத்திலேயே, கண்ணில் படாமல் கடந்துவிடக்கூடிய உயரத்தில், 227ஆம் எண்: போவரி மிஷன்.

மிஷன் தொடங்கியது 1879இல். இந்தக் கட்டடத்துக்கு வந்தது 1909இல். 1876இல் கட்டியபோது இது சவப்பெட்டி செய்கிற இடம். 1909 டிசம்பரில் ஜனாதிபதி டாஃப்ட் இங்கே வந்து, வரிசையில் வந்த ஆட்களுக்கு முன்னால் பேசியிருக்கிறார். குளிர்காலத்தில் நள்ளிரவு தாண்டி ஒரு மணிக்குக் கதவு திறந்து காபியும் ரொட்டியும் கொடுப்பார்கள். பகலில் வேலை தேடுகிறவன் சாப்பாட்டுக்காக நின்று நேரத்தைத் தொலைக்க வேண்டாமே. இதை யோசித்தவர் யாராயிருந்தாலும் ஒரு நாளாவது பட்டினி கிடந்திருக்க வேண்டும்.

உள்ளே தேவாலயம். நீள மர பெஞ்சுகள், மேலே உத்திரங்கள், முன்னால் ஆர்கன் குழாய்கள். கெட்ட குமாரன் திரும்பி வந்து அப்பாவிடம் சேரும் காட்சி வண்ணக் கண்ணாடியில். தெருவிலிருந்து வருகிறவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான கதை பைபிளில் இல்லைதான். பெஞ்சுகளில் ஏழெட்டுப் பேர் கோட்டோடு உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தார்கள். யாரும் எழுப்பவில்லை. ஒருவர் மட்டும் தன் பையில் இருந்த சாமான்களை ஒவ்வொன்றாகப் பெஞ்சில் எடுத்து வைத்து, பார்த்து, திரும்ப அதே வரிசையில் அடுக்கினார்: சாக்ஸ், பல்பசை, இன்னொரு சாக்ஸ், ரப்பர் பேண்ட் போட்ட கடிதக் கட்டு.

கண் தெரியாத கவிஞர் ஃபேனி கிராஸ்பி இந்த மிஷனுக்கு அடிக்கடி வந்து பேசியவர். எட்டாயிரத்துக்கு மேல் கீர்த்தனைகள் எழுதியவர். அவர் பாடல்களின் தமிழ் வடிவங்கள் இல்லாமல் நம்மூரில் ஆராதனையும் இல்லை, அடக்கமும் இல்லை. குடிகாரனிடம் போய் நீ பாவி என்று சொல்லாதே, அது அவனுக்கே தெரியும் என்பது அவர் கருத்து. எங்கள் தெரு முக்கில் மெகாஃபோன் வைத்துக் கத்திய உபதேசியாருக்கு இது தெரியாமல் போயிற்று.

சமையலறைக்குத் தம்பி அழைத்துப் போனான். பெரிய அலுமினியப் பானைகள் அடுக்கியிருந்த தொட்டியின் முன்னால் ஒருவர் முழங்கை வரை ரப்பர் உறை போட்டுக்கொண்டு தேய்த்துக்கொண்டிருந்தார். ஐம்பது வயது இருக்கும். மிஷனின் மறுவாழ்வுத் திட்டத்தில் தங்கியிருப்பவர். பேர் வேண்டாம். தம்பியைப் பார்த்ததும் சிரித்தார், என்னைப் பார்த்ததும் கொஞ்சம் யோசித்தார். பத்திரிகைக்காரன் என்றால் சாட்சி கேட்பான் என்ற எண்ணமாக இருக்கலாம். நான் பானையைப் பற்றிக் கேட்டேன். அடிப்பிடித்த ஓட்ஸ் கஞ்சியை எப்படி எடுப்பது என்று விளக்கினார். சுடு தண்ணீர் ஊற்றிப் பத்து நிமிஷம் விட வேண்டும், உடனே சுரண்டக் கூடாது, சுரண்டினால் பானை போய்விடும்.

சுவரில் ஒரு வெள்ளைப் பலகை. அதில் நாட்கள், வேலைகள், பேர்கள். “பானை” என்பதற்கு நேரே அவர் பேர். அதைக் காட்டிச் சொன்னார்: பல வருஷமாக அவர் பேரை எழுதி வைத்ததெல்லாம் போலீசும் கோர்ட்டும் ஆஸ்பத்திரியும்தான், நாளைக்கு இவர் வருவார் என்று நம்பி எழுதினது இந்தப் பலகையில்தான். குடியை விட்டதைவிடக் கஷ்டம் காலையில் எழுந்து கட்டிலை ஒழுங்கு செய்வது என்றார். இது முதல் முறையுமல்ல. முன்பு சேர்ந்து, பாதியில் போய், திரும்பி வந்திருக்கிறார். திரும்பி வந்த அன்றைக்கு யாரும் ஏன் போனாய் என்று கேட்கவில்லையாம், சாப்பிட்டாயா என்றுதான் கேட்டார்களாம். ஆண்டவர் காப்பாற்றினார் என்றும் சொன்னார். அதைச் சொல்லும்போது குரல் மாறவில்லை, கஞ்சிப் பானையைப் பற்றிச் சொன்ன அதே குரல்தான். அதனாலேயே நம்பினேன்.

கை துடைத்துவிட்டு அவர் எடுத்துக் காட்டியது பைபிள் இல்லை, ஒரு பிளாஸ்டிக் உறை. உள்ளே பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, சோஷியல் செக்யூரிட்டி அட்டை. தெருவில் வாழ்கிறவன் முதலில் தொலைப்பது இவற்றைத்தான். திருட்டுப் போகும், மழையில் நனையும், நகரசபை லாரி கூடாரத்தோடு சேர்த்து அள்ளிக்கொண்டு போகும். அட்டை இல்லாமல் வேலை இல்லை. வேலை இல்லாமல் வாடகை வீடு இல்லை. அட்டை வாங்கப் போனால் விலாசம் கேட்பார்கள். ஒரு தாளுக்கு இன்னொரு தாள் ஜாமீன் நிற்க வேண்டும், அந்த இன்னொரு தாளும் கையில் இருக்காது. விடுதியில் இருக்கிறார் என்று மிஷன் கொடுக்கும் கடிதம்தான் இந்த முடிச்சை அவிழ்க்கும் முதல் நுனி. பிறந்த மாநிலத்துக்கு எழுதிப் போட்டுக் காத்திருந்து வாங்கியிருக்கிறார். பிறப்புச் சான்றிதழ் வந்த அன்றைக்கு அதில் அம்மா பேரைப் பார்த்துவிட்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்ததாகச் சொன்னார்.

வெளியே வந்ததும் தம்பியோடு ஒரு சண்டை. பசித்தவனைப் பிரசங்கத்துக்கு உட்கார வைத்துப் பிறகு சோறு போடுவது மிஷன்களில் வெகுகாலம் இருந்த வழக்கம். அது எனக்கு எப்போதும் உறுத்தும். ஜார்ஜ் ஆர்வெல் 1933இல் வெளியிட்ட தன் நாடோடிக் கால நூலில் லண்டனில் ஒரு சபை கொடுத்த இலவசத் தேநீரைப் பற்றி எழுதியிருக்கிறார். தேநீரைக் குடித்துவிட்டு ஜெபத்துக்கு இருந்தாக வேண்டும். நாடோடிகள் மாடத்தில் உட்கார்ந்து சிரித்துக் கூச்சல் போட்டு ஆராதனையையே கெடுத்தார்கள். தர்மம் வாங்குகிறவன் கொடுக்கிறவனை வெறுப்பான் என்பது ஆர்வெலின் முடிவு.

“நம்ம ஊர் அசனத்துல ஆராதனை முடிஞ்சுதான பந்தி போடுவாங்க? அதுக்கு யாரு கோவிச்சிருக்கா?” என்றான் தம்பி.

அசனம் எங்கள் சபையின் பொது விருந்து. அதில் அரிசி எங்கள் வீட்டு அரிசி, ஆடு பக்கத்து வீட்டு ஆடு. சபை ஐயரும் தரையில் உட்கார்ந்து அதே சோற்றைத்தான் தின்பார். கொடுக்கிறவன் யார், வாங்குகிறவன் யார் என்று பிரிக்க முடியாது. இங்கே மேஜைக்கு இந்தப் பக்கம் ஒருவன், அந்தப் பக்கம் ஒருவன். அவன் கொஞ்ச நேரம் பேசாமல் நடந்தான். பிறகு, “அந்தப் பானை தேய்க்கிறவர் எந்தப் பக்கம்?” என்றான். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை.

இரண்டு மூன்று தெரு தாண்டினால் கிழக்கு முதலாம் தெரு, 36ஆம் எண். செயின்ட் ஜோசப் இல்லம். அதற்குக் கொஞ்சம் மேலே கிழக்கு மூன்றாம் தெருவில் மேரி இல்லம். இரண்டும் டோரத்தி டேயின் கத்தோலிக்கத் தொழிலாளர் இயக்கத்தைச் சேர்ந்தவை. இடதுசாரிப் பத்திரிகையாளராக இருந்து 1927இல் கத்தோலிக்கரான டோரத்தி, பீட்டர் மொரினோடு சேர்ந்து 1933 மே தினத்தன்று ஒரு பத்திரிகை தொடங்கினார். விலை ஒரு சென்ட். இன்றைக்கும் அதே விலை. பத்திரிகையைப் படித்துவிட்டு, எழுதுகிறாயே, எனக்கு இடம் இருக்கிறதா என்று ஆட்கள் வந்து நின்றபோது இல்லம் பிறந்தது. இங்கே சூப்புக்கு முன்னால் பிரசங்கம் கிடையாது. வந்தவனை மாற்றும் திட்டமும் கிடையாது, எத்தனை நாள் இருப்பாய் என்ற கேள்வியும் கிடையாது. வந்தவனே கிறிஸ்து என்பது டோரத்தியின் இறையியல். கிறிஸ்துவைப் போய்த் திருத்த முடியுமா? 1980இல் மேரி இல்லத்திலேயே, அங்கே தங்கியிருந்த பெண்களுக்கு நடுவில், ஒரு சாதாரண அறையில் இறந்தார்.

என் மனசு டோரத்தி பக்கம்தான் சாயும். ஆனால் வெள்ளைப் பலகையில் தன் பேரைக் காட்டியவரின் முகத்தைப் பார்த்த பிறகு, ஒருவனிடமிருந்து எதையும் எதிர்பார்க்காமல் இருப்பது மட்டுமே மரியாதை என்று சாதிக்க முடியவில்லை. அவருக்கு வேண்டியிருந்தது நாளைக்கு வா என்று சொல்லும் ஆள். இன்னொருவருக்கு வேண்டியது எதுவும் கேட்காத ஒரு நாற்காலியாக இருக்கலாம். நடந்துபோகும் தூரத்தில் இரண்டும் இருப்பது இந்த ஊரின் அதிர்ஷ்டம்.

இருட்டத் தொடங்கியிருந்தது. கிழக்கு 23ஆம் தெருவரை போகலாம் என்றபோது தம்பி செருப்பைப் பார்த்துக்கொண்டான். அங்கேயும் பார்க்க ஒன்றுமில்லை. கால்வரி ஆலயம் நடத்திய மிஷன் இருந்த தெரு, அவ்வளவுதான். ஆனால் வாட்டர் தெருவில் ஆரம்பித்தது அங்கே வந்துதான் உலகம் சுற்றக் கிளம்பியது.

1882இல் சாமுவேல் ஹாட்லி என்ற பெருங்குடிகாரர், எல்லாவற்றையும் அடகு வைத்துக் குடித்துத் தீர்த்து, மெக்காலே பின்னால் தொடங்கிய இன்னொரு மிஷனில் வந்து விழுந்தார். எழுந்து, பிறகு வாட்டர் தெரு மிஷனுக்கே பொறுப்பாளர் ஆனார். அவர் சொன்ன சாட்சியைத் தத்துவ அறிஞர் வில்லியம் ஜேம்ஸ் 1902இல் வந்த தன் சமய அனுபவ நூலில் சேர்த்தார். ஹாட்லியின் மகன் 23ஆம் தெரு மிஷனை நடத்தினார். 1934இல் அங்கே தங்கிக் குடியை நிறுத்தியிருந்த எபி தாச்சர், புரூக்ளினில் இருந்த பழைய குடித்தோழர் பில் வில்சனைப் பார்க்கப் போனார். மேஜையில் ஜின் இருந்தது. எபி வேண்டாம் என்றார். அந்த “வேண்டாம்” பில்லைக் குடைந்தது. இந்த மிஷன் என்னவென்று பார்க்கலாம் என்று வந்தவர், வழியில் குடித்துக்கொண்டே வந்து சேர்ந்தார். உள்ளே விட்டார்கள், வயிற்றுக்குப் போட்டார்கள். அவரும் எழுந்து முன்னால் போய்ச் சாட்சி சொன்னார். சில நாள் கழித்து ஆஸ்பத்திரியில் சேர்ந்து குடியை நிறுத்தியவர், வில்லியம் ஜேம்ஸின் அதே நூலைப் படித்தார். 1935இல் அக்ரான் நகரத்தில் ஒரு டாக்டரோடு சேர்ந்து அவர் தொடங்கியதுதான் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ். நம்மூரில் ஏஏ கூட்டத்தில் ஒருவர் எழுந்து தன் பேரைச் சொல்லி, நான் ஒரு குடிநோயாளி என்று ஆரம்பிக்கிறாரே, அந்த வழக்கத்தின் வேர்களில் ஒன்று வாட்டர் தெருவின் சாட்சிக் கூட்டம்.

எபி என்ன ஆனார் என்று தம்பி கேட்டான். திரும்பவும் குடித்தார். நிறுத்தினார், குடித்தார், நிறுத்தினார், முப்பது வருஷத்துக்கு இதுதான். அவர் சொல்லி நிறுத்திய பில் திரும்பக் குடிக்கவேயில்லை. எபியைக் கடைசிவரை தன் வழிகாட்டி என்றே சொல்லி, அவருக்கு உதவிக்கொண்டும் இருந்தார். 1966இல் எபி இறந்தபோது குடிக்காமல்தான் இறந்தார்.

“உங்க சபையில சாட்சி சொல்ல இவரை மேடையேத்துவாங்களாடா?” என்று கேட்டேன்.

“மேடைக்கு யோசிப்பாங்க அண்ணே,” என்றான். “சனிக்கிழமை பானை தேய்க்கத் தாராளமா சேர்த்துக்கிடுவோம்.”